'நல்ல நிலையில் உள்ளது'

பழைய மைப்பேனாக்களை இணையத்தில் விற்போர் பலர் எழுதுவது மூன்றே சொற்கள்: 'நல்ல நிலையில் உள்ளது'. விலையோ பல நூறு ரிங்கிட்!

எபோனைட் பேனாவை எடுத்துக்கொள்வோம். இரப்பரில் கந்தகத்தை மிகுதியாகக் கலந்து, சூடேற்றி இறுக்கியதே எபோனைட். (பேராக் தோட்டங்களில் பால் வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் சிலிபினில் என் வகுப்பில் இருக்கின்றனர், அவர்களுக்கு இது தெரிய வேண்டும்.) வெயிலும் ஈரமும் பட்டால் அதன் கறுப்பு பழுப்பாகும். சிலர் அதைத் தேய்த்து மெருகேற்றி, 'புதியது போன்றது' என்கின்றனர். தேய்த்ததில் உடலில் பொறித்த நிறுவனப் பெயர் மங்கியதைச் சொல்வதில்லை. மூடி விளிம்பின் மயிரிழை வெடிப்பு, உள்ளே இறுகிப்போன இரப்பர்ப் பை ஆகியன படத்தில் தெரியமாட்டா, எழுத்தில்தான் தெரியவேண்டும்.

இதில் பாதி ஏமாற்று. மீதி, பொருளை உற்றுநோக்கி எழுதப் பழகாமை என்பது என் கருத்து. நம் மாணவர் எழுதும் 'நான் ஒரு பேனா' தன்கதையில்கூடப் பேனா தான் விழுந்ததையும் உடைந்ததையும் சொல்லிவிடுகிறதே!

பெற்றோர்களே, தாத்தாவின் பேனா வீட்டில் இருந்தால், விற்குமுன் பிள்ளையிடம் கொடுத்துக் குறைகளை மட்டும் ஐந்து வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். முள் வளைந்திருந்தால் அதுவே முதல் வாக்கியம்.