நாள் முன்னா, மாதம் முன்னா?

சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்பது நம்மவர் பழமொழி. அதே துரும்பு கண்ணில் விழுந்தால் என்ன செய்யும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. அதனை நான் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், அமெரிக்காவிலே நியூ ஜேர்சியில் உள்ள என் தமக்கையார் வீட்டில் இருந்தபோது அறிந்துகொண்டேன். அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் வாசக அன்பர்களிற் பலருக்கு அந்நாட்டில் உறவினர் உளர், போய்வருவோரும் உளர். அவர்களுக்குப் பயன்படும் என்பதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அக்காவின் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அவளுக்கு அது முதற் பிரசவம். வைத்தியர் நாள் குறித்துவிட்டார். தாய் பக்கத்தில் இருக்க வேண்டுமென்பது மகளின் ஆசை. அதனிலும் பெரிது தாயின் ஆசை. நெவார்க் விமான நிலையத்திலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அக்காவும் நானும் போவதென்று முடிவாயிற்று. மருமகன் கந்தோரில் வேலை மிகுதியாய் இருந்தபடியால், “மாமா, ரிக்கற் எடுக்கும் பக்கத்தைக் கணினியில் திறந்து வைத்திருக்கிறேன். உங்கள் இருவருடைய விபரங்களையும் நிரப்பிவிடுங்கள். பணத்தை நான் பின்னர் கட்டுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். இருபது வருடமாகப் பிள்ளைகளின் விடைத்தாள்களிற் பிழை பிடித்துப் பழகியவனுக்கு இது ஒரு வேலையா? கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

அக்காவுக்கு முழங்காலில் வாதம். நடப்பார், நெடுநேரம் நிற்க மாட்டார், குனிந்து சப்பாத்தைக் கழற்றிப் பூட்டுவது அவருக்குப் பெருந்தொல்லை. சக்கர நாற்காலி கேட்கலாம் என்றால், “அதிலே இருந்து நான் பேரப்பிள்ளை பார்க்கப் போவதோ?” என்று மறுத்துவிடுவார். இவ்வகைப்பட்டவருக்குக் கைகொடுப்பது ‘ரி.எஸ்.ஏ. பிறீசெக்’ என்னும் ஏற்பாடு. அதனைச் சற்று விளக்குதல் நன்று.

2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி நிகழ்ந்த பேரழிவின் பின்னர், அவ்வாண்டு நவம்பரிலே அமெரிக்க அரசு விமானப் பிரயாணிகளைச் சோதிக்கும் பொறுப்பைத் தன் கையில் எடுத்து, ரி.எஸ்.ஏ. என்னும் தாபனத்தை நிறுவியது. அடுத்த மாதமே ஒருவன் சப்பாத்தினுள் வெடிமருந்தை மறைத்துக்கொண்டு விமானத்தில் ஏறி அகப்பட்டான். 2006ஆம் ஆண்டிலிருந்து எல்லோரும் சப்பாத்தைக் கழற்றியே தீரவேண்டும் என்ற விதி நிலைத்தது. திரவப் பொருள்களுக்கும் அவ்வாண்டிலேயே கட்டுப்பாடு வந்தது. வரிசைகள் நீண்டன. ஆபத்தில்லாதவர் என்று முன்கூட்டியே அறியப்பட்டவர்களை விரைவாக அனுப்பிவிட்டால், ஏனையோரைக் கவனமாகப் பார்க்கலாமே என்ற எண்ணத்தில் 2011ஆம் ஆண்டு பிறீசெக் தொடங்கிற்று. விண்ணப்பம் செய்து, கைவிரல் அடையாளம் கொடுத்து, 80 டொலர் அளவிற் கட்டணம் செலுத்தினால், பின்னணி ஆராயப்பட்டு ஐந்தாண்டுக்கு ஒரு தனி எண் வழங்கப்படும். ‘அறியப்பட்ட பிரயாணி எண்’ என்பது அதன் பொருள். அவ்வெண் உடையவருக்குத் தனி வரிசை. சப்பாத்து, இடுப்புப் பட்டி, மெல்லிய மேற்சட்டை ஆகியவற்றைக் கழற்ற வேண்டாம். மடிக்கணினியையும் சிறு திரவப் போத்தல்களையும் பையிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம். சப்பாத்துக் கழற்றும் விதி 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எல்லோருக்குமே நீக்கப்பட்டுவிட்டது. ஏனைய சலுகைகள் பிறீசெக் உடையோருக்கே உரியன. அந்நாட்டுப் பிரசைகளும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருமே இதற்கு விண்ணப்பிக்கலாம். அக்கா பிரசை, அவரிடம் எண் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டுடன் விருந்தாளியாகப் போன எனக்கு அது இல்லை.

பிரயாணத்துக்கு முதல்நாட் காலை. இருவருடைய போர்டிங் பாஸும் கைப்பேசியில் வந்து சேர்ந்தன. பிறீசெக் உடையவரின் சீட்டில் அதற்குரிய அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் இல்லை.

நான் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் அக்காவின் முகம் வாடிவிட்டது. சிறிது நேரம் பேசாதிருந்தவர், “தம்பி, என்னிலே ஏதும் பிழை கண்டிருப்பார்களோ?” என்று மெல்லக் கேட்டார்.

அக்கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். 2003ஆம் ஆண்டில் அவரும் நானும் கொழும்புக்குப் போகும் வழியில், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வெயிலில் வரிசையாக நின்றோம். அடையாள அட்டையை நீட்டிவிட்டு, வாங்கியவர் அதனையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் அந்தச் சில கணங்களை அனுபவித்தவர், எந்நாட்டிற் பிரசையானாலும் அவற்றை மறப்பதில்லை. சீட்டில் ஓர் அடையாளம் இல்லையென்றால், மற்றவருக்கு அது ஓர் அசௌகரியம்; நம்மவருக்கு அது ஒரு சந்தேகம். ‘யாரோ எங்கோ நம் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்’ என்று மனம் நடுங்குகிறது. அன்று முழுவதும் அக்கா பெட்டி அடுக்குவதிற் கைவைக்கவே இல்லை.

மாலையில் மருமகன் வந்தான். விடயத்தைக் கேட்டதும், “அம்மா, உங்களை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. இது பெரும்பாலும் எழுத்துப் பிழையாய்த்தான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்” என்று கணினியின் முன் அமர்ந்தான். அவன் பார்த்த ஒழுங்கு, ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதலாவதாக, ஐந்தாண்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று நோக்கினான். ரி.எஸ்.ஏ. இணையத்தளத்திலேயே எண்ணையும் காலாவதித் திகதியையும் அறியலாம். காலம் முடியவில்லை. இரண்டாவதாக, விமானக் கம்பனி இத்திட்டத்திற் சேர்ந்ததா என்பது. எல்லாக் கம்பனிகளும் சேர்ந்தவையல்ல. ஆனால் இக்கம்பனியில் அக்கா முன்னரே இச்சலுகையுடன் பறந்திருக்கிறார். மூன்றாவதாக, எண் பதிவில் இருக்கிறதா என்பது. இடைத்தரகரிடம் சீட்டு வாங்கினால் எண் கம்பனிக்குப் போய்ச் சேராமலே விடுவதுண்டு. வேறொரு பொறியும் அங்கே உண்டு. பெயர்க் குழப்பத்தால் அடிக்கடி தடுக்கப்படுவோருக்கு வழங்கும் ‘றிட்றெஸ்’ எண்ணுக்கான கட்டமும் அருகிலேயே இருக்கும். அவசரத்தில் எண்ணை அதில் எழுதிவிடுவோர் பலர். அக்காவின் எண் உரிய கட்டத்திலேயே இருந்தது. நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

நான்காவது பெயர். இங்கேதான் நம்மவர் பெரும்பாலும் இடறுகின்றனர். நமக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. தந்தை பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. கலியாணமானால் பெண்ணுக்குக் கணவன் பெயர். ஒரு பேச்சுக்குச் சொல்வதாயின், கந்தையா மகள் சரஸ்வதி, நடராசாவை மணந்தால், ஓர் இடத்தில் க. சரஸ்வதி, ஓர் இடத்தில் சரஸ்வதி நடராசா, இன்னோர் இடத்தில் சரஸ்வதி கந்தையா நடராசா. நமக்கு இம்மூவரும் ஒருவர், கணினிக்கு மூவர். கம்பனி, பிரயாணியின் பெயர், பிறந்த திகதி, பால், எண் ஆகியவற்றைப் பிரயாணத்துக்கு 72 மணி நேரம் இருக்கும்போதே அரசுக்கு அனுப்பத் தொடங்குகிறது. விண்ணப்பத்தில் எழுதிய பெயரோடு இப்பெயர் பொருந்தாவிட்டால், எண் சரியாயிருந்தும் பயனில்லை. ஆகையால் விண்ணப்பத்தில் எப்படியோ, சீட்டிலும் அப்படியே. நடுப்பெயரும் தவறக்கூடாது. அச்சிட்ட சீட்டில் முதற்பெயரும் நடுப்பெயரும் இடைவெளியின்றி ஒட்டிக் கிடப்பதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். அது கம்பனிக் கணினிகளின் வழக்கம்.

அக்காவின் பெயரைக் கடவுச்சீட்டைப் பார்த்தே எழுத்து எழுத்தாக நான் பதிந்திருந்தேன். அதுவும் சரி. மருமகன் தலையைச் சொறிந்தான். “எல்லாம் சரியாயிருந்தாலும் இடையிடையே சிலருக்கு வேண்டுமென்றே கொடாமல் விடுவார்கள். யாருக்கு எப்போது என்று எவரும் முன்கூட்டி அறியக்கூடாதென்பது அவர்கள் முறை. அப்படியானால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை” என்றான்.

அப்பொழுதுதான் என் கண் திரையின் ஓரத்திற் போய் நின்றது. அக்கா பிறந்தது மே மாதம் 4ஆம் திகதி. நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவோம்: 04-05. அமெரிக்கர் மாதத்தை முன் எழுதுவர். நான் பழக்கத்தின் வழியே எழுதியதை அவர்களுடைய கணினி ஏப்பிரல் 5 என்று வாசித்திருந்தது. அக்கா 20ஆம் திகதி பிறந்திருந்தால், இருபதாம் மாதம் என்று ஒன்றில்லையே என அது உடனே மறுத்திருக்கும். இரண்டும் பன்னிரண்டுக்குள் அடங்கியபடியால் பேசாமல் ஏற்றுக்கொண்டது. அரசின் ஏட்டிலே மே 4. கம்பனியின் ஏட்டிலே ஏப்பிரல் 5. இருவரும் ஒருவரல்லர் என்று இயந்திரம் தீர்ப்புச் செய்துவிட்டது.

திகதியைத் தவறாக எழுதிய பிள்ளைகளின் தாளில் எத்தனை முறை சிவப்பு மையாற் கோடிட்டிருப்பேன்! “அக்கா, பிழை உங்களில் இல்லை, என்னில்தான்” என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். காலை முதல் இறுகியிருந்த முகம் நெகிழ்ந்து, “இதற்கோ நான் ஒரு பகல் முழுதும் பட்டினி கிடந்தேன்?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அச்சிரிப்பிலே கோபத்தினும் நிம்மதியே அதிகம் இருந்தது.

மருமகன் கம்பனிக்குத் தொலைபேசினான். நெடுநேரம் வாத்தியம் கேட்டபின் ஒரு பெண்மணி வந்து, திகதியைத் திருத்தித் தந்தார். அவர் சொன்ன ஒன்று முக்கியமானது: பதிவைத் திருத்தினால் மட்டும் போதாது, முன்னர் எடுத்த போர்டிங் பாஸ் பழைய விபரத்தின்மேற் பிறந்தது, ஆகவே அதனை நீக்கிவிட்டுப் புதிதாய் எடுக்க வேண்டும். அரை மணி கழித்துப் புதிய சீட்டை எடுத்தோம். அடையாளம் வந்திருந்தது. அக்கா எழுந்து பெட்டி அடுக்கப் போனார்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? அடையாளம் வராவிட்டால் வாயிலில் நிற்கும் உத்தியோகத்தருடன் வாதாடிப் பயனில்லை. அவர் அதனைச் சேர்க்க மாட்டார்; அவருக்கு அது இயலாது. பிழை இருப்பது பதிவிலே, திருத்துமிடம் கம்பனி. ஆதலால் சீட்டு வாங்கிய அன்றே எண், பெயர், திகதி மூன்றையும் ஒருமுறை ஒப்பு நோக்குக. சீட்டு வந்ததும் அடையாளத்தைத் தேடுக. இல்லையாயின், வீட்டிலிருந்தே கம்பனியை அழைக்க. முடியாவிட்டால் விமான நிலையத்தில் சோதனை வரிசைக்குப் போகுமுன் கம்பனியின் மேசைக்குப் போக. எண்ணே மறந்துவிட்டால் ரி.எஸ்.ஏ. இடம் கேட்டுப் பெறலாம். கலியாணத்தாற் பெயர் மாறியவர்கள் அதனை அங்கே முன்கூட்டி அறிவிக்க வேண்டும். குளோபல் என்ட்ரி என்னும் பெரிய திட்டத்துக்கு மாறியோருக்கு எண்ணும் மாறும். பழைய எண்ணையே கம்பனிக் கணக்கில் விட்டுவைத்தல் ஆகாது. இளம் பெற்றோருக்கும் ஒன்று: பன்னிரண்டு வயதுக்கு மேற்படாத பிள்ளைகள் பிறீசெக் உள்ள தாய் தந்தையுடன் அவ்வரிசையிலேயே போகலாம். வளர்ந்தவருக்கு அவ்வுரிமை இல்லை. ஒரே பதிவிற் சீட்டு எடுத்திருந்தாலும் இல்லை.

இக்கடைசி விதியை மறுநாட் காலை நானே அனுபவித்தேன். அக்கா தம் வரிசையில் நின்றார். பத்து நிமிடத்தில் அப்பாற் போய்விட்டார். நான் பொது வரிசையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து, சப்பாத்தைக் கழற்றி, இடுப்புப் பட்டியைக் கழற்றி, ஒரு கையாற் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினேன். அக்கா சப்பாத்துக் காலை நீட்டியபடி நாற்காலியிற் சாய்ந்திருந்தார். என் கோலத்தைக் கண்டு, “தம்பி, உம்மை நெடுநேரம் நிறுத்திவிட்டார்களே, உம்மிலே ஏதும் பிழை கண்டார்களோ?” என்றார்.

நான் பட்டியைப் பூட்டிக்கொண்டே, “கண்டிருக்க வேண்டியதுதான், அக்கா. என்ன செய்வது, அந்தப் பிழையை நாம் நேற்று இரவே திருத்திவிட்டோமே!” என்றேன்.

பேரன் அதற்கு மூன்றாம் நாள் பிறந்தான். பிறப்புப் பத்திரத்துக்கான படிவம் வந்தபோது அதனை நிரப்புமாறு என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.