பிழைக்கும் ஓர் எண் உண்டு

செய்முறைத் தேர்வில் விடை வந்தால் மதிப்பெண். திரையில் பிழை வந்தால் முகம் வாடிப்போகிறது. இந்நிலை மாற வேண்டும் என்பது என் பணிவான கருத்து.

1986-இல் மெக்கின்டோஷ் கணிப்பொறிக்கென வெளிவந்த லேப்வியூ, படங்களைக் கம்பிகளால் இணைத்து நிரல் அமைக்கும் மென்பொருள். அளவீடுகளைக் கோப்பில் எழுதும்போதோ படிக்கும்போதோ தடங்கல் நேர்ந்தால் அது ஓர் எண்ணைச் சொல்லும். 7 என்றால் சொன்ன இடத்தில் கோப்பு இல்லை. 8 என்றால் அனுமதி மறுப்பு. கோப்பு வேறொரு மென்பொருளில் திறந்திருக்கலாம். 4 என்றால் கோப்பு முடிந்த பிறகும் படிக்க முயல்கிறோம். திறத்தல், எழுதுதல், மூடுதல் மூன்றையும் பிழைக்கம்பியால் வரிசையாக இணைத்தால், கிரிவலம் வருவோர் எந்த லிங்கத்தருகே நிற்கிறோம் என்று அறிவதுபோல், கோளாறு முதலில் நேர்ந்த இடத்தை அறியலாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் போன்றோர் இங்குப் பலர். எங்களுக்கு வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லை. செய்முறை ஏடே துணை. அதில் சரியான விடை மட்டுமே இருக்கிறது. வந்த பிழை, அதன் எண், காரணம், தீர்த்த வழி ஆகியவற்றையும் எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் வழங்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். நாளை வேலை பார்க்கும் இடத்தில் கருவி நின்றுவிட்டால் கைகொடுப்பது அந்தப் பழக்கமே.