“ஓடாத புள்ள!”

(உயர்தரக் கலைப்பிரிவு மாணவி ஒருவரின் பார்வை)

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று தம்பியுடையது. அது இன்றும் முற்றத்தில் மணலும் சேறுமாக நிற்கிறது. மணி உடைந்துவிட்டது, ஆனாலும் ஓடுகிறது. மற்றையது என்னுடையது. நான் தரம் 7 படிக்கும்போது ஒருநாள் உம்மா அதைக் கழுவித் துடைத்து, சாக்கொன்றால் மூடி, விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். “இனிப் பெரிய புள்ளதானே” என்றார். யாரும் ஏசவில்லை. மறுநாளிலிருந்து வாப்பா மோட்டார் சைக்கிளில் என்னைப் பாடசாலைக்கு ஏற்றிச் சென்றார். அது அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கிலோமீற்றர் கூட இல்லாத அந்தப் பாதையில் என் கால்கள் தினமும் செய்துவந்த வேலை அன்றோடு நின்றுபோனது.

“இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனுக்குள்ளேயே கிடக்கிறார்கள், உடம்பை அசைப்பதில்லை” என்று பெரியவர்கள் குறைப்படும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்குத்தான் ஞாபகம் வரும். நாங்கள் பிறக்கும்போதே சும்மா இருக்கப் பிறந்தவர்கள் அல்லர். நடக்கப் பழகிய எந்தக் குழந்தையும் ஓடவே பார்க்கும். “ஓடாத புள்ள, உழுந்திருவாய்!” என்று பின்னால் ஒரு குரல் வரும். ஆண் பிள்ளைக்கு அந்தக் குரல் ஐந்து வயதோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு அது நிற்பதில்லை. போனைக் குறை சொல்வோரிடம் பணிவோடு ஒன்று கேட்கலாம்: சோறு ஊட்டுவதற்கும் அழுகையை அடக்குவதற்கும் முதன்முதலில் அதை எங்கள் கையில் தந்தது யார்?

5 முதல் 17 வயது வரையானவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்கள் மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாட்களாவது எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் அசைவுகளும் வேண்டுமாம். நான் என் ஒரு நாளைக் கணக்குப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் பாடசாலை. அங்கே இரண்டு மணி வரை கதிரை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ரியூஷன், அதுவும் கதிரைதான். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் ஒரு காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் விளையாட்டு நேரம். இப்போது அதிலேதான் கணித வகுப்பு. மஃரிபுக்குப் பிறகு வீட்டுப்பாடம். அறுபது நிமிடங்களை எங்கே தேடுவது?

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல. 146 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வொன்று, 11 முதல் 17 வயது வரையான ஆண் பிள்ளைகளில் 78 சதவீதமானோரும் பெண் பிள்ளைகளில் 85 சதவீதமானோரும் 2016இல் போதியளவு உடலியக்கம் இல்லாமல் இருந்ததாகக் கண்டது. ஆண் பிள்ளைகளின் நிலைமையும் மோசம்தான். இருந்தாலும் அந்த ஏழு சதவீத இடைவெளியைப் படித்தபோது, அதற்குள்ளே எத்தனை சைக்கிள்கள் சாக்கினால் மூடப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெற்றோரின் பயம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் நாய்கள் இருக்கின்றன, கண்மண் தெரியாமல் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களும் இருக்கின்றன. ஊர் வாயும் இருக்கிறது. அதுதான் நாயைவிடக் கடிக்கும். “குமர்ப்பிள்ளைக்கு என்ன ஓட்டம்?” என்று பக்கத்து வீட்டு மாமி ஒரு வார்த்தை கேட்டால் போதும், உம்மா ஒரு மாதத்துக்கு என்னை முற்றத்துக்குக் கூட விடமாட்டார்.

மார்க்கத்தைக் காரணம் காட்டுவோருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது மனைவி ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. முந்தானையோடு எப்படி விளையாடுவது என்ற கேள்விக்கும் உலகம் பதில் சொல்லிவிட்டது. தலையை மறைத்து ஆடுவதை உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014இலும் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் அனுமதித்தன. ஹிஜாப் அணிந்தபடி வாள்வீச்சில் இறங்கிய அமெரிக்க வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மத், 2016 ரியோ ஒலிம்பிக்கில் குழுப்போட்டியில் வெண்கலம் வென்றார். பெண்கள் மட்டுமே படிக்கும் பாடசாலை, மதிலுக்குள்ளே மைதானம், பக்கத்தில் ஆசிரியை. இதைவிடப் பாதுகாப்பான இடத்தை எங்கே தேடுவது?

“வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே” என்பது உம்மாவின் வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. முற்றம் கூட்டுவதும் தண்ணீர் அள்ளுவதும் சும்மா இருப்பதைவிட நல்லது. ஆனால் தேங்காய் துருவி யாருக்கும் மூச்சு வாங்கியதை நான் கண்டதில்லை. எலும்பின் திணிவில் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும் அதைச் சேர்க்க உதவும். பிற்காலத்தில் அதை ஈடுசெய்வது எளிதல்ல. தவிர, வீட்டு வேலை உடற்பயிற்சி என்றால் அது தம்பிக்கும் நல்லதுதானே? இதைக் கேட்டபோது உம்மா பதில் சொல்லவில்லை. தம்பி மட்டும் எழும்பி வெளியே போய்விட்டான்.

தரம் 10இல் எங்கள் இல்லத்தின் அஞ்சலோட்டக் குழுவில் மூன்றாவதாக ஓடினேன். பாடசாலைக் குழுவிலும் இடம் கிடைத்தது. வலயமட்டப் போட்டிக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். வாப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். “ஓ.எல். சோதின வருது மகள், ஓட்டத்தப் பொறகு பாப்பம்” என்று மடித்து என் கையில் தந்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை. போட்டியன்று ரியூஷனில் இருந்தேன். கரும்பலகையில் எழுதியது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பின்னர் கணிதத்தில் எனக்கு ‘பீ’ சித்தி கிடைத்தது. ஓடியிருந்தால் ‘ஏ’ கிடைத்திருக்கும் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஓடாமல் இருந்ததாலும் அது கிடைக்கவில்லையே!

அந்தப் ‘பிறகு’ வேறு வழியில் வந்தது. சென்ற வருடம் உம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார் டொக்டர். தனியாக நடக்க உம்மாவுக்கு வெட்கம், ஆகவே நானும் சேர்ந்துகொண்டேன். சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போவோம். முதல் நாள் மீன்வாடி வரைகூடப் போக முடியவில்லை, மணலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரத்தில் மீன்வாடியைத் தாண்டினோம். பிறகு வாப்பாவும் வரத் தொடங்கினார், முதலில் எங்களுக்குக் காவலாக, இப்போது எங்களுக்கு முன்னாலே. பெற்றோர் நூறு தரம் “உடம்பைப் பார்த்துக்கொள்” என்று சொன்னாலும், அவர்கள் கதிரையில் இருந்து சொன்னால் பிள்ளை கதிரையைத்தான் படிக்கும். அவர்கள் எழும்பி நடந்தால் பிள்ளை செருப்பைத் தேடும். தங்கச்சி அப்படித்தான் தேடினாள்.

நடந்துகொண்டிருந்த ஒருநாள் உம்மா தானாகவே சொன்னார். சின்ன வயதில் அவர் கிளித்தட்டில் கெட்டிக்காரியாம். வளவுக்குள் ஆண் பெண் என்றில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் விளையாடுவார்களாம். ஒருநாள் மூத்தம்மா வந்து கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனாராம். “அதுக்குப் பொறகு நான் ஓடினதே இல்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உன்ட சைக்கிளுக்கு அப்பவே எண்ணெ போட்டு வெச்சிருக்கலாம்” என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வசனத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இவ்வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் தாய்மாருக்கான சங்கீதக் கதிரையில் உம்மாவும் கலந்துகொண்டார். அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினார். இரண்டாவது சுற்றிலேயே வெளியேறிவிட்டார். என் உம்மா ஓடுவதை நான் பார்த்தது என் பதினேழு வருட வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

போன கிழமை உம்மாவே அந்தச் சாக்கை எடுத்தார். இரண்டு டயரும் செத்துப்போயிருந்தன, செயினில் கறள். வாப்பா சைக்கிள் கடையில் கொடுத்துத் திருத்தி வந்தார். தங்கச்சி இப்போது தரம் 7. ஒழுங்கைக்குள் மட்டும்தான் ஓடலாம், பிரதான வீதிக்குப் போகக்கூடாது என்பது உம்மாவின் நிபந்தனை. பாடசாலை இருப்பதோ பிரதான வீதியில். அதைப்பற்றி வீட்டில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.