என் விசுவாசம் டேலி ஆகிறதா?

பி.காம். படிப்பவர்களுக்குத் தெரியும், இருப்பாய்வு டேலி ஆனாலும் கணக்கில் பிழை இருக்கலாம். என் விசுவாசமும் அப்படித்தான். ஞாயிறு ஆராதனை, காணிக்கை, பரீட்சைக்கு முன் ஜெபம்... எல்லாம் டேலி. ஆனால் போன செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்ததும் இரண்டு வாரம் வேதத்தைத் திறக்கவே இல்லை. அப்படியென்றால் நான் நம்பியது கடவுளையா, மார்க்கையா?

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தன. ஏறக்குறைய 50 ஆண்டுகள் கடவுள் அருகில் இருப்பதையே அவர் உணரவில்லை என்பது அதில் தெரிகிறது. ஆனாலும் 1997-ல் இறக்கும்வரை ஜெபத்தையும் விடவில்லை, கொல்கத்தாவின் ஏழைகளையும் விடவில்லை. "அவருக்கே சந்தேகமா?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கோ அதுதான் பலமான விசுவாசமாகத் தெரிகிறது.

நேற்று இரவு வேதத்தைத் திறந்தேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. இன்றும் திறப்பேன்.