வெண்டைக்கு ஒரு களிமண் கவசம்

எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் வந்த பிறகும் கொல்லையில் வெண்டை போடுவதை நான் விடவில்லை. மஞ்சள் நரம்புத் தேமல் வந்தால்தான் கவலை. அந்த வைரஸுக்கு மருந்தில்லை. அதைப் பரப்பும் வெள்ளை ஈயைத்தான் ஒழிக்கணும். அதுக்காகப் பூச்சிமருந்தை அடிச்சுட்டு மறுநாளே பறிச்சுக் குழந்தைக்குச் சமைக்கிறதா?

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் நீனா மிட்டர் குழுவினர் வேறு வழி கண்டார்கள். நோய்க்கிருமியின் மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ.வை நானோ களிமண் துகளில் ஏற்றித் தெளிப்பதுதான் அது. வெறும் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும், களிமண் அதைக் காத்துச் சிறிது சிறிதாக விடும். 2017-ல் புகையிலைச் செடிகளில் ஒரே தெளிப்பு குறைந்தது 20 நாள் வைரஸைத் தடுத்தது. 2022-ல் வெள்ளை ஈயிடமும் பலித்தது.

நம் கடைக்கு அது வரும்வரை நோய்ச்செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.