கல்யாண நாளுக்கும் கமிஷனா?

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் என் நண்பருக்கு ஒரு போன். ‘சார், பதினோரு மாசம் முடியுது. அக்ரிமென்ட்டை ரின்யூ பண்ணணும். அரை மாச வாடகையை ரெடி பண்ணிடுங்க.’ பேசியது வீட்டுக்காரர் அல்ல. புரோக்கர்!

நண்பரின் வாடகை 18,000 ரூபாய். மறுபேச்சில்லாமல் ஒன்பதாயிரத்தை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் புரோக்கர் செய்த வேலை என்ன தெரியுமா? பழைய அக்ரிமென்ட்டில் தேதியையும் தொகையையும் மாற்றி, புது பத்திரத்தில் பிரின்ட் எடுத்தார். அவ்வளவுதான். பணம் கைமாறிய விஷயமே வீட்டுக்காரருக்குப் பிறகுதான் தெரிந்தது. ‘என்கிட்டயே நேரா பேசியிருக்கலாமே சார்’ என்றாராம்.

வீடு தேடித் தருவது உழைப்பு. கொளுத்தும் வெயிலில் எட்டு வீடு ஏறி இறங்கிக் காட்டுபவருக்குக் கமிஷன் கொடுப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால், ஜாதகம் பொருத்திக் கொடுத்த தரகர் வருஷா வருஷம் கல்யாண நாளன்று வந்து கை நீட்டினால் கொடுப்பீர்களா?

பின் ஏன் இதற்குக் கொடுக்கிறோம்? பயம். ‘இவரைப் பகைத்துக்கொண்டால் வீட்டுக்காரரிடம் போட்டுக் கொடுத்துவிடுவாரோ? பையனுக்குப் பரீட்சை நேரம், அட்வான்ஸுக்கு எங்கே போவது?’ இந்தப் பயம்தான் அவருடைய முதலீடு.

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தைப் பாருங்கள். காலம் முடியும் முன்பே குடியிருப்பவர் வீட்டுக்காரரை அணுகலாம். அவரும் சம்மதித்தால் இருவரும் பேசிப் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்கிறது அது. நடுவில் புரோக்கர் நின்றே ஆக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. இங்கிலாந்தில் 2019-ல் சட்டம் போட்டு, குடியிருப்பவரிடம் ஏஜென்ட்கள் ரின்யூவல் கட்டணம் வாங்குவதையே தடை செய்துவிட்டார்கள். நம்மிடம் அப்படித் தடை இல்லை. அதனால் நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

முதலில், பழைய அக்ரிமென்ட்டை எடுத்துப் படியுங்கள். ரின்யூவலுக்குக் கமிஷன் தருவதாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால், இரண்டு மாதம் முன்பே வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள். வாடகை எவ்வளவு கூடும், அட்வான்ஸ் அப்படியே இருக்குமா என்று பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இருவருமாகக் கையெழுத்திட்டு, அந்தச் சட்டம் சொல்கிறபடி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதையும் பதிய வேண்டும்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாரா? எல்லாவற்றையும் ஏஜென்ட்தான் பார்த்துக்கொள்கிறாரா? சரி, பார்க்கட்டும். யாருக்காகப் பார்க்கிறாரோ, சம்பளத்தை அவரே கொடுக்கட்டும்.

மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறீர்கள். வீட்டுக்காரரோடு நேராகப் பேசும் உரிமை அந்த வாடகையிலேயே அடக்கம். அதற்குத் தனியாகக் கமிஷன் எதற்கு?