நீரில் நின்ற ஜனாதிபதி

இரண்டு ஆண்கள் கடலில் இறங்கி நிற்கிறார்கள். வெற்று மார்பு, ஈரக் கால்சட்டை, நடுவயதுக்கே உரிய தொப்பை. வீட்டு ஆல்பத்தில் இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோம். ஆனால் இது பெர்லினின் பெரிய வார இதழான 'பெர்லினர் இல்லுஸ்ட்ரீர்டே'யின் அட்டையில் வந்தது. இருவரில் ஒருவர் ஜெர்மனியின் ஜனாதிபதி ஃப்ரீட்ரிஷ் ஏபெர்ட். மற்றவர் ராணுவ அமைச்சர் குஸ்டாவ் நோஸ்கெ. இதழில் போட்டிருந்த தேதி 1919 ஆகஸ்ட் 24. கடைக்கு வந்ததோ ஆகஸ்ட் 21 அன்று, ஏபெர்ட் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட அதே நாளில்.

படம் எடுத்தவர் பால்டிக் கடலோரத்து உள்ளூர் புகைப்படக்காரர். குழந்தைகள் இல்லம் ஒன்றைப் பார்க்கப் போன தலைவர்கள், வந்த இடத்தில் கடலில் ஒரு முங்கு போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதுவரை நாட்டின் தலைவர் என்றால் ஜனங்களுக்குத் தெரிந்த உருவம் பதக்கமும் மீசையுமாக நிற்கும் கைசர், அதாவது பேரரசர். இப்போது அந்த இடத்தில், சேணம் தைக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவர் ஈரத்துணியோடு நிற்கிறார். முடியாட்சிக்காரர்கள் விடுவார்களா? கைசரையும் போர்த் தளபதி ஹிண்டன்பர்க்கையும் சீருடையில் அருகே ஒட்டி, 'அன்றும் இன்றும்' என்று அஞ்சலட்டையே அடித்தார்கள். ஏபெர்ட் போன இடங்களில் குளியல் உடையை ஆட்டிக் காட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போட்டுப் போட்டு அலுத்து, 1925இல் ஐம்பத்து நான்கு வயதில் அவர் இறந்துபோனார்.

பத்திரிகை வேண்டுமென்றே செய்ததா என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. இதழை நடத்திய உல்ஸ்டைன் குடும்பத்தின் நிறுவனம் புதிய குடியரசுக்கு எதிரியல்ல. இதழின் ஆசிரியர் குர்ட் கோர்ஃப் பிறகு 1927இல் எழுதியதைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. செய்தி எவ்வளவு முக்கியம் என்பதல்ல, படம் எவ்வளவு இழுக்கிறது என்பதே தங்கள் அளவுகோல் என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். பகையே தேவையில்லை, இந்த ஓர் அளவுகோல் போதும். 1930 வாக்கில் வாரத்துக்கு ஏறத்தாழ 18 லட்சம் பிரதிகள் விற்ற இதழ் அது. விலை 20 ஃபென்னிக். தொடர்கதைக்காக வாங்கியவர்களும் ஏராளம். விக்கி பாமின் 'ஹோட்டலில் மனிதர்கள்' 1929இல் அதில்தான் வந்தது.

அதே உல்ஸ்டைனில் தையல், பின்னல் இதழ்களுக்கு மாதிரி வரைந்துகொண்டிருந்தார் ஹன்னா ஹோஹ் என்ற இளம் ஓவியர். அவர் அந்த அட்டையிலிருந்து ஏபெர்ட்டையும் நோஸ்கெயையும் கத்தரித்தெடுத்து, பூவும் வண்ணத்துப்பூச்சியுமாக இருந்த எம்பிராய்டரி மாதிரித்தாள்மேல் ஒட்டிவிட்டார். படைப்பின் பெயர் 'அரசுத் தலைவர்கள்'. கம்பெனியின் ஒரு சரக்கை எடுத்து அதன் இன்னொரு சரக்கின்மேல் ஒட்டும் இந்தக் குறும்புக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இன்னொருவர் அங்கே விளம்பரப் பிரிவில் இருந்தார். எரிஷ் சாலமன், சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். நாற்பதைத் தாண்டியபின் கேமரா பிடித்தார். டிரெஸ்டனில் தயாரான எர்மனாக்ஸ் அந்தக் கேமரா. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு மாற்ற வேண்டும். ஆனால் லென்ஸின் திறப்பு 1.8. அதாவது மின்விளக்கு வெளிச்சமே போதும், கண்ணைப் பறிக்கும் மக்னீசியத் தூளைக் கொளுத்த வேண்டாம். தூள் வெடிக்கும்வரை விறைத்து நின்ற மனிதர்கள், இப்போது தாங்கள் படமெடுக்கப்படுவதே தெரியாமல் பேசினார்கள், கொட்டாவி விட்டார்கள். 1928இல் பெர்லின் கொலை வழக்கு ஒன்றில் சாலமன் தொப்பிக்குள் கேமராவை மறைத்துக் கொண்டுபோனார். 1930இல் ஹேக் மாநாட்டில், நள்ளிரவு தாண்டி இழுத்த போர் நட்டஈட்டுப் பேச்சில், அமைச்சர்கள் நாற்காலியில் சரிந்து கண்ணயர்ந்திருப்பதை எடுத்தார். ஏபெர்ட் படம் அவமானமாக முடிந்தது. சாலமன் படங்களில் அவமானம் இல்லை. களைப்பு இருக்கிறது, அதனால் மரியாதையும் இருக்கிறது. அவருடைய 1931ஆம் ஆண்டுப் புத்தகத்தின் பெயர், 'புகழ்பெற்ற சமகாலத்தவர், காவலற்ற தருணங்களில்'.

இந்தியாவுக்கும் ஜெர்மனியின் பட இதழ்கள் ஆள் அனுப்பின. மியூனிக்கின் போட்டி இதழுக்காக வால்டர் போஸ்ஹார்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1930இல் தண்டிக்கு வந்து, காந்தி சாப்பிடுவதையும் சவரம் செய்துகொள்வதையும் தூங்குவதையும் எடுத்துப் போனார். ஏற்கெனவே அரையாடையில் இருப்பவரைக் காவலற்ற தருணத்தில் பிடித்து என்ன செய்துவிட முடியும்!

சாலமனின் படங்களைப் பற்றி எழுதும்போதுதான் லண்டன் பத்திரிகை ஒன்று 'கேண்டிட்' என்ற சொல்லைக் கேமராவோடு சேர்த்தது. இன்று நம் கல்யாணங்களில் அதற்குத் தனி ரேட். போன தை மாதம் உறவுப் பெண்ணின் கல்யாணத்தில் பார்த்தேன். "அக்கா, கேமராவைப் பார்க்காம இயல்பா சிரிங்க... இன்னொரு தடவை" என்று அந்தப் பையன் நான்கு முறை இயல்பாகச் சிரிக்க வைத்தான். பாவம், அவன் தொழில் அது.

அதே வித்தையை 1932இல் வேறொருவர் பெரிய அளவில் செய்தார். ஹிட்லரின் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன். பேச்சுக்கான கையசைவுகளைக்கூட ஹிட்லர் முன்கூட்டியே இவர் கேமராவின் முன் செய்து பார்த்து, பிடிக்காத படங்களை வெளியே விடாமல் தடுத்தவர். நீச்சலுடையில் தன்னைப் படமெடுக்க அவர் விட்டதேயில்லை. ஏபெர்ட்டின் கதை அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவரை நாயோடு, குழந்தைகளோடு, வழியோரத்தில் இளைப்பாறுபவராக ஹாஃப்மன் காட்டினார். புத்தகத்தின் பெயர் 'யாரும் அறியாத ஹிட்லர்'. லட்சக்கணக்கில் விற்றது. சாலமன் புத்தகத்துக்கும் இதற்கும் இடையே ஒரே ஒரு வருடம். இருபது ஃபென்னிக் கொடுத்து வாராவாரம் தலைவர்களை அருகில் பார்க்கப் பழகியிருந்த வாசகனுக்கு, இதுவும் அப்படியொரு பார்வையாகத்தான் பட்டிருக்கும்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. மியூனிக் இதழின் ஆசிரியர் ஸ்டெஃபான் லொரான்ட் 1933 மார்ச்சில் சிறைக்குப் போனார். வெளிவந்தபின் லண்டனில் 'பிக்சர் போஸ்ட்' தொடங்கினார். கோர்ஃப் அமெரிக்கா போய் 'லைஃப்' பிறப்பதற்கு யோசனை சொன்னார். உல்ஸ்டைன் குடும்பத்திடமிருந்து 1934இல் நிறுவனமே பிடுங்கப்பட்டது.

யூதரான சாலமன் மனைவியின் நாடான நெதர்லாந்துக்குப் போனார். 1944இல் அவரும் மனைவியும் இளைய மகனும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அவர் எடுத்த படம் ஒன்று என் மேசையில் இருக்கிறது. 1931, பாரிஸ் வெளியுறவு அமைச்சகத்தில் இரவு விருந்து. அழையாமல் வந்து நிற்கும் கேமராவைக் கண்டுகொண்ட அமைச்சர் பிரியான், அதை நோக்கி விரலை நீட்டியிருக்கிறார். சாலமன் படத்தில் இல்லை. விரல் அவரைத்தான் காட்டுகிறது.